கடைசி விவசாயி: வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய போலீஸ்காரர்

துணைப் பாத்திரங்கள் நம்பிக்கைக்கும் மறுபடி துளிர்ப்பதற்கும் அடையாளமாக நிற்கிற படம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 2022இல் வந்த மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை. நான் அந்த மண்ணில் பிறந்து, மதுரை காளவாசலில் ஒரு கடையில் வேலை பார்க்கிறவன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் மரத்தில் இடி விழுகிறது. குலசாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்று ஊர் கூடுகிறது. சாமிக்குப் புது நெல் ஒரு மரக்கால் வேண்டும். அதை விளைவிக்க ஊரில் மிச்சமிருப்பது காது சரியாகக் கேட்காத மாயாண்டித் தாத்தா ஒருவர்தான். அவர் நெல் போடுகிறார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்கப் போய், கொன்றது அவர்தான் என்று வழக்காகி உள்ளே போகிறார். பயிர் காயுமே என்று அவர் தவிக்க, மாஜிஸ்திரேட் அம்மா ஒரு போலீஸ்காரரை அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார்.

பெரும்பாலானவர்கள் விஜய் சேதுபதி செய்த ராமையாவைத்தான் பேசுவார்கள். செத்துப்போன காதலி கூடவே வருவதாக நினைத்துக்கொண்டு, மூட்டைகளைச் சுமந்தபடி முருகன் கோயில் கோயிலாக நடக்கிற மனுசன். அந்தப் பாத்திரத்தைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் அவர் கடைசியில் மலையில் மறைந்துபோவதை என்னால் விடுதலையாகத்தான் எடுத்துக்கொள்ள முடிகிறது. துளிர்ப்பது என்றால் இங்கேயே, இதே மண்ணில் நடக்க வேண்டும். யோகி பாபு செய்த தடிக்கொழுந்தானிடமும் அது இல்லை. நிலத்தை விற்று யானை வாங்கியவர். ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறார், அந்த மட்டுக்கும் சந்தோஷம். ஆனால் காலுக்குக் கீழே இருந்த நிலம் போனது போனதுதான்.

என் மனதில் நின்றது அந்தப் போலீஸ்காரர். அவர் ஆசைப்பட்டு வயலுக்கு வரவில்லை, கோர்ட்டு சொன்னதால் வந்தார். ஆனாலும் ஒரு பயிர் அவர் கையை நம்பி நிற்கிறது. தாத்தா எதையும் விளக்கிப் பேசுவதில்லை. எண்பது வருசமாகச் செய்ததையே செய்கிறார். அவர் இருக்கும்வரை விவசாயம் இருக்கும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கு அப்புறம் மம்பட்டியைப் பிடிக்கப் போகிற கை எது என்பதுதான் கேள்வி. அந்தக் கை, கொஞ்சமும் பழக்கமில்லாத ஒரு காக்கிச் சட்டைக்காரருடையதாகவும் இருக்கலாம் என்று படம் காட்டுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கை தெரியவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வருசம் அப்பாவுக்கு ஆபரேஷன். மூணு வாரம் குனியவே கூடாது என்றார்கள். நட்டு இருபது நாள் ஆன பயிர். எங்கள் பக்கம் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருவது வைகை அணை நிறைகிற வருசத்தில்தான், மற்றபடி கிணறுதான் கதி. கிணற்று மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் அப்போது ராத்திரிதான் வந்தது. கடையை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தால் நாகமலை, செக்கானூரணி தாண்டி ஊர் சேரப் பத்தரை ஆகும்.

முதல் ராத்திரி வாமடையை, அதாவது வயலுக்குள் தண்ணீர் விட வரப்பில் வெட்டுகிற வாயை, திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். காய்ந்த மண்வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், குழந்தை பால் குடிக்கிற மாதிரி. வெடிப்புக்குள் இருந்து பிள்ளைப்பூச்சிகள் ஈரத்தோடு ஏறி வரப்புக்கு ஓடி வந்தன. டார்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுப் பக்கம் தண்ணீர் ஏறவேயில்லை. நாலாவது நாள் அந்த மூலை மஞ்சள் தட்டியது. யாரிடமும் கேட்காமல், அந்தப் பக்கம் இன்னொரு வாமடை வெட்டினேன். ஒரு வாரத்தில் குருத்து பச்சையாக எழுந்தது. அப்போதுதான் அந்தப் போலீஸ்காரரை நினைத்துக்கொண்டேன்.

மாயாண்டியாக வாழ்ந்த நல்லாண்டி அய்யா நிஜமாகவே விவசாயி. படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். 69ஆவது தேசிய விருதில் அவருக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் பட விருது. அதை வாங்க அவர் இல்லாமல் போய்விட்டாரே என்று எங்கள் ஊர் டீக்கடையில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

வருசா வருசம் மாசிப் பச்சைக்கு வெளியூரில் இருக்கிற பங்காளிகளெல்லாம் குலசாமி கோயிலுக்கு வந்துவிடுகிறோம். பொங்கல் வைக்கிற அரிசி கடையில் வாங்கியது. இந்த மாசிக்கு எங்கள் வயல் நெல்லைக் குத்திக் கொண்டுபோனோம்.

மூணு வாரம் கழித்து அப்பா வரப்பில் மெதுவாக நடந்து வந்தார். மேட்டுப் பக்கம் நின்று குனியாமல் பார்த்தார்.

"இங்கன வாமடை வெட்டுனது யாருடா?"

"நான்தாம்ப்பா. தண்ணி ஏறல."

கொஞ்ச நேரம் பயிரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

அறுப்பு முடிந்து, அடுத்த நடவுக்கு வரப்பெல்லாம் வெட்டிச் சீராக்கியபோதும் அதை அவர் மூடவில்லை.