செராமிக் படித்தால் ராணிப்பேட்டையில் வேலை கிடைக்குமா?

கேள்வி: காட்பாடி பக்கம் கரிகிரி எங்கள் ஊர். மண்பாண்டம் செய்கிற குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டேன். சென்னை கவின்கலைக் கல்லூரியில் செராமிக் படிக்க ஆசை. அப்பாவோ, "விருத்தாசலத்தில் டிப்ளமா படி, ராணிப்பேட்டையில் வேலை கிடைக்கும்" என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சம்பளம் உடனே வேண்டுமென்றால் அப்பா சொல்வதுதான் சரி. வாஷ்பேசின் போன்றவற்றைச் செய்யும் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைக்குத் தேவை மண் கலவையைச் சோதிக்கவும், சூளையைப் பார்த்துக்கொள்ளவும், விரிசலுக்குக் காரணம் கண்டுபிடிக்கவும் தெரிந்தவர்கள். விருத்தாசலம் டிப்ளமா அந்த வேலைகளுக்கானது.

சென்னைக் கல்லூரியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கியதே கைத்தொழிலை வளர்க்கத்தான். மண்பாண்டமும் அதில் சேர்த்தி. 1930களில் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் பொறுப்பில் இருந்தபோது ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. தொழிற்சாலைகளும் மாறிவிட்டன. ராணிப்பேட்டையில் தொடங்கிய பாரிவேர் என்ற வாஷ்பேசின் கம்பெனி இன்று ஸ்பெயினின் ரோக்கா கம்பெனி வசம். பெரிய கம்பெனிகளில் புது மாடலைக் கணினியில்தான் வரைகிறார்கள். ஆகவே கவின்கலைப் பட்டத்தை மட்டும் நம்பி ராணிப்பேட்டை கேட்டில் நிற்க வேண்டாம்.

வீட்டில் கற்ற சக்கர வேலையும் அங்கே நேரடியாகக் கைகொடுக்காது. வாஷ்பேசினைச் சக்கரத்தில் யாரும் வனைவதில்லை. வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமத் தூள்களும் கலந்த கூழைப் பிளாஸ்டர் மோல்டில் (அச்சில்) ஊற்றி எடுத்து, ஏறக்குறைய 1200 டிகிரியில் சுடுகிறார்கள். நம் செம்மண் பானை 900, 1000 டிகிரியிலேயே வெந்துவிடும். அந்தக் கூழ் காய்ந்து வேகும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும், தட்டையான இடம் வளையும். எவ்வளவு சுருங்கும், எங்கே வளையும் என்று கணித்து மாடல் செய்பவருக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. வெறும் முப்பரிமாண மென்பொருள் தெரிந்தவருக்கு இது பிடிபடாது.

என்னைக் கேட்டால், சம்பளத்துக்கு அவசரமில்லை, அப்படி மாடல் செய்பவராக வேண்டும் என்றால், வீட்டில் சூளை இருக்கிற நீங்கள் சென்னைக்கே போகலாம். முதலில் நேரில் போய் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: மோல்டு செய்வதை முழுதாகக் கற்றுத் தருகிறார்களா? சூளையை மாணவர்களே ஏற்றுகிறார்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் விருத்தாசலமே மேல். மென்பொருளை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், எங்கே படித்தாலும் காய்ந்த குவார்ட்ஸ் தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.