கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு நியாயமான வருமானம் கிடைக்க என்ன கொள்கை வேண்டும்?

இராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்கு நலத்திட்ட உதவித்தொகை மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து.

விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிடுக்கில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைப் பறிக்கும் இவர்கள் உழைப்பிலிருந்துதான் உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர், ஆல்ஜினேட் போன்ற விலையுயர்ந்த பொருள்கள் உருவாகின்றன. ஆனால் கரையில் எடை போடும்போது விலையைச் சொல்பவர் வியாபாரி, அவரிடம் முன்பணம் வாங்கியவருக்கோ பேரம் பேசவே வாய் வராது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானபின், அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது அத்துமீறலாகவும் ஆகிவிட்டது. கடல்வளம் காக்கப்பட வேண்டியதுதான். அதன் முழுச் சுமையையும் மிக ஏழையானவர் தலையில் ஏற்றுவதுதான் அநியாயம்.

தேன், புளி போன்ற சிறு வனப்பொருள்களுக்கு மத்திய அரசு 2013-இல் கொண்டுவந்த குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தைப் போலவே பாசிக்கும் விலை நிர்ணயித்து, பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொள்முதல் செய்யலாம். எந்த இடத்தில், எத்தனை நாள் எடுப்பது என்பதை முடிவுசெய்யும் குழுவில் அவர்களுக்கும் இடம் வேண்டும். பாசி மீண்டும் துளிர்க்க எத்தனை நாளாகும் என்பதைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள்.