பிரித்தெனிக் போன்ற கற்பனை லத்தீன் மொழியைக் கற்பது வீண் வேலையா?

கேள்வியின் கடைசியில் "வீட்டில் சிரிக்கிறார்கள்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ இருப்பீர்கள், ஒன்றிரண்டு அரியர் இருக்கும், அதைப் படிக்க உட்கார்ந்த நேரத்தில்தான் இது கண்ணில் பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ரோமானியர்கள் கி.பி. 43 முதல் சுமார் 410 வரை பிரிட்டனை ஆண்டார்கள். பிரான்சிலும் ஸ்பெயினிலும் அவர்கள் விட்டுப்போன லத்தீன்தான் மக்கள் மொழியாகி, பிரெஞ்சாகவும் ஸ்பானிஷாகவும் வளர்ந்தது. பிரிட்டனில் அப்படி நடக்கவில்லை. நடந்திருந்தால்? 1996இல் நியூசிலாந்துக்காரர் ஆன்ட்ரூ ஸ்மித் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பேச்சு லத்தீனை எடுத்து, வெல்ஷ் மொழி (பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸின் சொந்த மொழி) எந்தெந்த ஒலி மாற்றங்களுக்கு உள்ளானதோ அதே மாற்றங்களை அதன்மேல் வரிசையாக ஓட்டினார். வந்து விழுந்தது பிரித்தெனிக். அதைப் பேசுவதற்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு மாற்று வரலாறு, அந்த வரலாற்றுக்கு 'இல் பெத்திசாத்' என்று ஒரு பெயர். பிரபஞ்சம் என்று பொருள். வெல்ஷில் பிரபஞ்சத்துக்கு உள்ள சொல்லே 'ஞானஸ்நானம் பெற்றது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். பிறகு 2002இல் யான் வான் ஸ்டேன்பெர்கன் என்ற டச்சு மொழிபெயர்ப்பாளர் இதே வித்தையைப் போலந்துக்காரர்களின் போலிஷ் மொழியை வைத்துச் செய்தார், அது வெனெடிக்.

நான் மொழியியல் படித்தவன் கிடையாது. மதுரையில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருடம் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். மனைவிக்கு வேல்ஸில் நர்ஸ் வேலை கிடைத்து 2018இல் அபெரிஸ்த்வித் என்ற கடற்கரை ஊருக்கு வந்தோம். இப்போது மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறேன். "ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தவன் வேன் ஓட்டுகிறான்" என்று மச்சினன் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதும் எனக்குத் தெரியும். அவன் இதைப் படித்தாலும் பரவாயில்லை.

தினமும் தெற்கே போகும் சாலையில் லான்ரஸ்டிட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடிந்த கல் வீட்டின் சுவர் ஒன்று நிற்கும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து: 'கோவ்யுஹ் ட்ரவெரின்'. ட்ரவெரினை நினைவில் வை என்று பொருள். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957இல் சட்டம் போட்டு, 1965இல் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த கபெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தை அணைக்குள் முக்கிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் எழுதியது. 2019இல் யாரோ சுவரில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கல்லை மறுபடி அடுக்கி, எழுத்தையும் எழுதினார்கள்.

என்னைப் பிடித்தது வேறு. 1960களில் முதன்முதலில் எழுதியபோது அந்த வாசகத்தில் இலக்கணப் பிழை இருந்தது. ஊர்ப் பெயர் வல்லின 'ட'வில், ஆங்கில T எழுத்தில் தொடங்கும். ஆனால் அந்த வினைக்குப் பின்னால் வரும்போது அது மென்மையான 'ட'வாக, ஆங்கில D எழுத்துக்கு மாற வேண்டும். எழுதியவர் மாற்றாமல் விட்டுவிட்டார். பின்னால் வண்ணம் அடித்தவர்கள் திருத்தினார்கள். ஒரு இனத்தின் கோபத்தையே தாங்கி நிற்கும் சுவரில் ஒற்றுப்பிழை! பதினோரு வருடம் 'வல்லினம் மிகும்', 'மிகாது' என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டவனுக்கு இதைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. மறுவாரமே வெல்ஷ் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

தமிழில் 'பல்', 'கோபம்' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே ப. உயிருக்கு நடுவில் வந்தால் குழைந்துவிடுகிறது. நாம் குழைவை எழுதுவதில்லை, வெல்ஷ்காரர்கள் எழுதுகிறார்கள். அதுவும் சொல்லின் முதல் எழுத்திலேயே. பாலம் என்பதற்கு 'பொன்ட்', லத்தீனில் இருந்து வாங்கியது. முன்னால் 'அந்த' என்பது போன்ற சொல் சேர்ந்தால் குழைந்த ப. தமிழில் எழுதினால் இரண்டும் பொன்ட்தான், எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. பிரித்தெனிக்கிலும் இதே கதை. பூமிக்கு 'டெர்', லத்தீன் டெர்ரா தேய்ந்தது. முன்னால் 'லா' (அவர்களுடைய 'அந்த') சேர்ந்ததும் முதலெழுத்து குழைகிறது, ஏனென்றால் அந்த லா ஒரு காலத்தில் 'இல்லா' என்று உயிரில் முடிந்தது. உயிருக்கு நடுவில் மாட்டிய வல்லினம் குழைந்தது. நம் கோபத்தில் குழைந்த அதே காரணம். தமிழ் எழுத்திலும் தெரிகிற மாதிரி, முதலெழுத்து மாறும் இன்னொரு வகை சொல்கிறேன்: பாவத்துக்கு 'பெஹாட்', பிரித்தெனிக் பரமண்டல ஜெபத்தில் அது 'ஃபெஹாட்' ஆகிவிடும். உண்மையான வெல்ஷில் பாவம் 'பெஹோட்'. பாவி என்ற சொல்லோ இரண்டு மொழியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்.

(தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, வெல்ஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் பின்னூட்டத்துக்கு வர வேண்டாம். வல்லினம் குழைவது உலகத்தில் பல மொழிகளில் நடக்கிறது. அவ்வளவுதான் சொல்கிறேன்.)

2020 ஊரடங்கில் வேலை பாதி நாள்தான். பிரித்தெனிக்கைப் பிடித்துக்கொண்டேன். அப்போது இருந்த வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடக்குச் சுவர் முழுக்கப் பூஞ்சை. ஹீட்டர் போட்டால் பில் எகிறும், போடாவிட்டால் சுவர் வியர்க்கும். காலி செய்தபோது வீட்டு ஏஜென்ட் "நீங்கள் சமைத்த ஆவியால் வந்தது" என்று முன்பணத்தில் 240 பவுண்டு பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்த அன்றே எடுத்த போட்டோவைக் காட்டியும் பிரயோஜனமில்லை. சாம்பார் கொதித்துப் பூஞ்சை வருமென்றால் மதுரையில் ஒரு வீடு மிஞ்சுமா? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் எல்லாம் எழுதினேன்.

என்ன எழுதினேன் என்றால், பிரித்தெனிக்கைப் பார்த்து நானும் சொந்தமாக ஒன்று செய்தேன். முந்நூறு சொல், பத்து வினை வாய்பாடு, ஒரு வரைபடம். வரைபடத்தில் ஆறாம் நூற்றாண்டோடு கெல்ட்டிக் மொழிகளை (வெல்ஷும் அந்தக் குடும்பம்தான்) அழித்தாயிற்று. அபெரிஸ்த்வித்துக்கு ஒரு லத்தீன் பெயரும் வைத்தேன். ரொம்பப் பெருமை.

2022இல் வகுப்பு நேரில் தொடங்கியதும் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுபது வயது, பண்ணை வீட்டில் பிறந்தவர், பள்ளிக்குப் போகும்வரை ஆங்கிலமே கேட்காதவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்பாடுகளைப் பார்த்தார், சிரித்தார், பென்சிலால் இரண்டு இடம் திருத்தினார். இரண்டும் நிஜமாகவே என் பிழைதான். பிறகு வரைபடத்தைப் பிரித்தார்.

"இதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?"

"லத்தீன் வந்துவிட்டதால்..." என்று ஆரம்பித்தேன். மேலே சொல்ல வாய் வரவில்லை. அவர் "ஓ, டனா நி" என்றார். "சரி, அவ்வளவுதான்" என்கிற மாதிரி எதற்கும் சொல்லும் வெல்ஷ் வார்த்தை. மடித்துக் கொடுத்துவிட்டுப் பாடத்துக்குப் போனார்.

1911இல் வேல்ஸில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8. கிட்டத்தட்ட 5,38,000 பேர். அதில் ஒருவரிடம் போய், உங்கள் மொழி இல்லாத வேல்ஸ் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டியிருக்கிறேன். தமிழ் அழிந்து, தமிழ் ஒலியில் பாலி பேசுகிற ஒரு மதுரையை யாராவது வரைந்து என்னிடம் நீட்டியிருந்தால் நான் பென்சில் எடுத்துப் பிழை திருத்தியிருக்க மாட்டேன்.

உடனே ஸ்மித் மேல் பாயாதீர்கள். அவர் யாரையும் அழிக்கச் சொல்லவில்லை. வெல்ஷ் மேல் ஆசை இல்லாதவரால் அதன் ஒலி வரலாற்றை இவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்க முடியாது. தவறு நான் காட்டிய இடத்தில்.

லத்தீனின் பிள்ளை ஒன்று நிஜமாகவே செத்த கதையும் உண்டு. அட்ரியாட்டிக் கடலில் கிர்க் தீவு. டால்மேஷியன் மொழி பேசிய கடைசி ஆள் துவோனே உதாய்னா. 1897இல் பார்த்தோலி என்ற அறிஞர் போய்க் குறிப்பெடுத்தபோது கிழவருக்குப் பல் இல்லை, காதும் மந்தம், அந்த மொழியைப் பேசியே இருபது வருடம் ஆகியிருந்தது. 1898 ஜூன் 10இல் சாலை வேலையில் வெடி வெடித்து இறந்தார். பல் போன வாயிலிருந்து வந்த உச்சரிப்பைத்தான் இன்றைக்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு என் முந்நூறு சொல்லைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீண் வேலை இல்லை, படியுங்கள். பரமண்டல ஜெபத்தை லத்தீன், வெல்ஷ், பிரித்தெனிக் மூன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். இலக்கணப் புத்தகம் பிறகு போதும். வெல்ஷையும் கொஞ்சம் சேர்த்துப் படியுங்கள், இல்லையென்றால் பாதி அழகு தெரியாது. வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும், என் வீட்டிலும் இன்னும் நிறுத்தவில்லை. வரைபடம் வரைந்தால் யாரிடம் காட்டுகிறோம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அரியரையும் இந்த முறை எழுதிவிடுங்கள். எனக்கு ஒன்று 2003இலிருந்து நிற்கிறது.