நிலத்துக்குக் கோபம் வராதா?

கேள்வி: பூமியைத் தாய் என்றார்கள், தாயைப் பூமி என்றார்கள் நம் முன்னோர். இருவருக்கும் பொறுமைதான் அழகு. என் மருமகள் உட்பட இந்தக் காலத்துத் தாய்மாரிடம் அது காணாமல் போனது ஏன்? உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வருடமாக மதுரையில் இருக்கிறேன். மண்ணின் அருமை தெரிந்தவன் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், திருநகர்

பதில்: 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் போல. நல்ல குறள்தான். ஆனால் அதில் தாயும் வரவில்லை, மருமகளும் வரவில்லை. 'தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்று வள்ளுவர் சொன்னது உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். நாம்தான் அதை மடித்து வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

வள்ளுவர் நிலத்தைப் பெண்ணாகவே காட்டும் இடம் உழவு அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. 'இலமென்று அசைஇ இருப்பாரைக் காணின் நிலமென்னும் நல்லாள் நகும்.' நிலத்தை வைத்துக்கொண்டே 'என்னிடம் என்ன இருக்கிறது' என்று சோம்பிக் கிடப்பவனைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். அதற்கு முந்தைய குறளுக்கு அப்புறம் வருகிறேன்.

பழந்தமிழ் பூமிக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: நிலமகள், மண்மகள். சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே ஆயர்குலப் பெண் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலம் கொடுக்கும்போது சமணத் துறவி கவுந்தியடிகள், 'வண்ணச் சீறடி மண்மகள் அறிந்திலள்' என்கிறார். மண்மகளே கண்டறியாத பாதம்! அந்தப் பாதம் புகாரிலிருந்து நடந்தே வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பொறுமை அப்புறம் என்ன ஆயிற்று என்று மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

புராணத்திலும் இதே கதைதான். பிருது மன்னன் கதையில் பூமி விளைச்சலை உள்ளே இழுத்துக்கொண்டு பசுவாக ஓடுகிறாள். வில்லோடு துரத்தியவனிடம், 'கன்றைக் கொண்டு வா, அப்போதுதான் சுரப்பேன்' என்று நிபந்தனை போடுகிறாள். தீபாவளிக் கதையில் பூமாதேவி சத்தியபாமையாக வந்து பெற்ற மகனையே கொல்கிறாள். உத்தர காண்டத்தில் சீதையை மறுபடியும் நிரூபிக்கச் சொன்னபோது, மண் பிளந்து மகளை வாங்கிக்கொண்டது. கணவன் வீட்டுக்கு வந்து 'போதும், என் பிள்ளையைக் கொடு' என்று கூட்டிக்கொண்டு போகும் அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தாய்மை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவிளையாடற் புராணத்தில் 'பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம்'. பாண்டியனின் வேட்டையில் தாய்ப் பன்றியும் தகப்பன் பன்றியும் செத்துப்போகின்றன. பன்னிரண்டு குட்டிகள் பசியில் கிடந்து கதறுகின்றன. சொக்கநாதர் அசரீரியாக ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தாமே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுத்தார். எத்தனையோ அழகான உருவம் எடுத்த சாமி, சேறும் மயிருமாக ஒரு பன்றியாகிக் குட்டிகளுக்கு மடி காட்டிய அந்தக் காட்சியை நம் ஊர்ப் புராணம் கூச்சமே இல்லாமல் பாடுகிறது. ஆண் தெய்வமே செய்த வேலை அது. சரி, பேரப்பிள்ளை அழுது உங்கள் மருமகள் எரிச்சல்படும் நேரத்தில் உங்கள் மகன் எங்கே இருக்கிறார்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைப் பற்றியும் ஒன்று. மேலூர்ப் பக்கம் போய்க் கிரானைட்டுக்காக அறுத்த குன்றுகளையும் தோண்டிப்போட்ட குழிகளையும் பாருங்கள். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றதும், பெண்கள் உட்பட அந்த வட்டாரமே திரண்டு எழுந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பொறுத்துப் போயிருந்தால் ரத்தாகியிருக்குமா?

இப்போது அந்த முந்தைய குறள்: 'செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்.' கிழவன் என்றால் இங்கே வயதானவர் இல்லை, நிலத்துக்கு உரியவர். அவர் போய்ப் பார்க்காமல் இருந்தால் நிலம் மனைவியைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்நேரம் வரப்பே தெரியாமல் சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் பஸ் இருக்கிறது. ஒரு நடை போய் அவளைச் சமாதானம் செய்துவிட்டு வாருங்கள். மருமகளைப் பற்றி அப்புறம் பேசலாம்.