தூர்தர்ஷன் நம்மை இந்தியர்களாக்கியதா? ஒரு பொதுத் தொலைக்காட்சியால் தேசிய அடையாளத்தை உருவாக்க முடியுமா?

முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் அரசு எந்த வழியில் நினைத்ததோ, அந்த வழியில் இல்லை.

1982 ஆகஸ்ட் 15-ல் தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. 1984-லிருந்து சிறிய ஊர்களிலெல்லாம் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்தன. டெல்லியிலிருந்து வருவதை வாங்கி அப்படியே மறு ஒளிபரப்பு செய்வதுதான் அவற்றின் வேலை. சென்னை நிலையம் 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் அதன் தமிழ் நிகழ்ச்சிகள் எங்கள் ஊரை எட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பற்றிச் சென்னை உறவினர்கள் சொல்லத்தான் கேட்டிருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இந்தி. செய்தி வந்ததும் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்த தெரு அது. ஒரே மொழியை எல்லோர் வீட்டிலும் ஒலிக்கவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. ராமாயணத் தொடரை எல்லோரும் பார்த்தார்கள்தான். கதை ஏற்கெனவே தெரியும், மொழி தடையாகவே இல்லை.

என்னை மாற்றியது ஞாயிறு மதியம் போட்ட மாநில மொழிப் படங்கள். ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் மலையாளம், அப்புறம் அசாமி, ஒடியா. கீழே ஆங்கில எழுத்து ஓடும். கல்லூரியில் படித்த அக்கா அதை வாசித்து வாசித்து ஆச்சிக்குச் சொல்லுவாள். ஒருநாள் வங்காளப் படம் ஒன்றில் ஒரு கிழவி முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சி அக்காவின் கையைத் தட்டி, “நீ சும்மா இரு, எனக்கே புரியுது. நம்மள மாதிரியேதான் புடைக்கா பாரு” என்றாள். படம் முடியும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை.

வங்காளம் என்றால் எனக்கு இன்றும் அந்த முற்றம்தான். பாடப்புத்தகத்தின் வரைபடம் அதைத் தரவில்லை, இந்திச் செய்தியும் தரவில்லை. அந்தக் கிழவி வங்காளத்தில் பேசியதால்தான் அவள் எங்களுக்கு நெருக்கமானாள். இந்தியில் பேச வைத்திருந்தால் ஆச்சி எழுந்து போயிருப்பாள்.

1993-ல் சன் டிவி வந்தது. வேண்டிய அளவு தமிழ் கிடைத்தது, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஞாயிறு மதியம் ஒடியாப் படம் போட எந்தத் தனியார் சேனலுக்கும் காரணம் இல்லை, விளம்பரம் வராது. வருமானம் பார்க்காமல் அதைச் செய்யத்தான் மக்கள் வரிப்பணத்தில் ஒரு சேனல் வேண்டும் என்கிறேன். ஒன்றே ஒன்று, இந்த முறை எழுத்து தமிழில் ஓடட்டும்.