காலை 5.30-க்கு ஜிம் போகிறேன். வெறும் வயிற்றில் செய்தால்தான் கொழுப்பு கரையும் என்கிறார்களே, சரியா? சாப்பிடுவதென்றால் எப்போது, என்ன?

வெறும் வயிற்றில் செய்யலாம். ஆனால் அதனால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்று நம்பிச் செய்ய வேண்டாம். பயிற்சி நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு எரியும் பங்கு கூடுவது உண்மைதான். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் அது நேராகிவிடுகிறது. 2014-ல் அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 20 இளம்பெண்களை இரண்டு பிரிவாக்கி, உணவைக் குறைத்து, 4 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு பிரிவு சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று சாப்பிடாமல். கொழுப்பு குறைந்ததில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

நடை, மெதுவான ஓட்டம், யோகா என்றால் ஒரு மணி நேரம் வரை தண்ணீரே போதும். எழுந்ததும் 300 மில்லி குடியுங்கள். இரவு முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் தசையில் இருக்கும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை, பெரிதாகக் குறையாது. கரைவது கல்லீரலில் இருப்பது. அது மொத்தமே ஏறத்தாழ 100 கிராம்தான். நாம் தூங்கும்போது மூளைக்குப் படியளப்பதும் அதுதான். தசை தன் இருப்பைத் தானே செலவழிக்குமே தவிர, ரத்தத்துக்கு ஒரு துளி சர்க்கரை விடாது. ஆகவே கால் தெம்பாக இருக்கும்போதே தலை கிறுகிறுக்கலாம்.

ஆனால் கண் இருட்டினாலே சர்க்கரை இறங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ட்ரெட்மில்லைப் பட்டென்று நிறுத்தி அப்படியே நின்றால் ரத்தம் காலில் தேங்கும், தலை சுற்றும். கடைசி 5 நிமிடம் மெதுவாக நடந்து முடித்தால் பெரும்பாலும் வராது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, அகோரப் பசி மூன்றும் சேர்ந்து வந்தால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம்.

எடை தூக்குகிறீர்கள், ஸ்குவாட் போடுகிறீர்கள் என்றால் 5 மணிக்கு ஒரு வாழைப்பழம் போதும். இட்லி இரண்டு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் வேண்டும், தேங்காய்ச் சட்னியை அள்ளாமல். நெய் மிதக்கும் பொங்கலுக்கு 3 மணி நேரமாவது விடுங்கள். கொழுப்பு இரைப்பையைக் காலியாக விடாது, குனிந்து எடையை எடுக்கும்போது எதுக்களிக்கும். மாலை 6.30-க்குப் போகிறவர்களுக்குச் சிக்கல் வேறு: மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டது தீர்ந்திருக்கும், கை டீக்கடை வடைக்குப் போகும். அதற்குப் பதில் 5 மணிக்கு இரண்டு இட்லியோ பழமோ. சுண்டலை முன்னால் தின்றால் வாயு. அதைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்து அரை மணிக்குள் புரதம் போகாவிட்டால் எல்லாம் வீண் என்பது மிகைப்படுத்தல். முன்பே சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டாலும் குறைவில்லை. வெறும் வயிற்றில் செய்தவர் மட்டும் தள்ளிப்போடாமல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடட்டும். 20 முதல் 30 கிராம் புரதம் இலக்கு. நாலு இட்லியில் 8 கிராம்தான் தேறும். கூட இரண்டு முட்டை வைத்தால் இன்னொரு 12.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து குறைவு. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், வெறும் வயிற்றுப் பயிற்சி பற்றி முதலில் தன் மருத்துவரிடம் பேச வேண்டும். கிளம்பும்முன் குளுக்கோமீட்டரில் பார்க்கவும் வேண்டும். 90-க்குக் கீழ் இருந்தால் முதலில் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பையில் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், பொட்டலமாக இருக்கட்டும். 70-க்குக் கீழ் இறங்கினால் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கிரீம் பிஸ்கட்டும் சாக்லேட்டும் உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.