சிவிதாவெக்கியாவில் இறங்கி ரோம் போய்த் திரும்புவது எப்படி?

கேள்வி: செப்டம்பரில் மத்தியதரைக் கடலில் குரூஸ் போகிறோம். நான், கணவர் (வயது 66), மகள், 12 வயதுப் பேரன். ஒரு நாள் காலை 7 முதல் மாலை 7 வரை ‘ரோம்’ என்று போட்டிருக்கிறது. கப்பலில் விற்கும் ரோம் சுற்றுலாவுக்கு நான்கு பேருக்குமாகச் சேர்த்தால் பெரிய தொகை வருகிறது. நாங்களே ரயிலில் போய் வத்திக்கானையும் கொலோசியத்தையும் பார்த்துவிட்டு வர முடியுமா? கப்பலை விட்டுவிடுவோமோ என்றும் பயமாக இருக்கிறது.
— கோவை வாசகி

பதில்: முடியும். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் போய் வருகிறார்கள். ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் ‘ரோம்’ என்று போட்டாலும் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா என்ற துறைமுக ஊரில். பேரரசர் டிராஜன் காலத்திலிருந்தே ரோமுக்குக் கடல்வாசலாக இருக்கும் ஊர்தான், ஆனால் அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். அதனால் 7 முதல் 7 வரை என்றால் ரோமில் பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். கையில் நிற்பது ஆறு மணி நேரம்கூட இல்லை.

எப்படி என்று பார்ப்போம். திட்டத்தை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கப்பல் 7 மணிக்குப் புறப்பட்டால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். 6 மணி என்றே வைத்துக்கொள்வோம். சிவிதாவெக்கியா ஸ்டேஷனிலிருந்து கப்பல்வரை போக, வரிசை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆக 5 மணிக்கு ஸ்டேஷனில் இருந்தே ஆக வேண்டும். நான் சொல்வது 4.30. ரோமில் 3.30 வாக்கில் ரயில் ஏறினால் 4.30 ஆகிவிடும். அந்த ரயில் ரத்தானாலும் அடுத்ததைப் பிடித்து 5 மணியை ஒட்டி வந்துவிடலாம். நீங்கள் ஏறத் திட்டமிடும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு ரயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலை விடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி ரயிலை நம்பியவர்கள்தான்.

இனி காலை. கப்பலிலிருந்து இறங்கியதும் துறைமுகத்துக்குள் நடந்து திரிய விடமாட்டார்கள். ஷட்டில் பஸ் உங்களை லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஸ்டேஷனுக்குச் சில யூரோவில் உள்ளூர் பஸ் உண்டு. நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். பாதை சமதளம்தான், ஆனால் 66 வயதில் நாள் முழுக்க நடக்கப்போகிறவர் அந்தத் தெம்பை ரோமுக்கு மிச்சம் வைப்பது நல்லது. பஸ்ஸிலேயே போங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள் வந்து நின்றால் ஸ்டேஷன் டிக்கெட் வரிசை திருவிழாக் கூட்டம்தான். முந்தின இரவே இத்தாலிய ரயில் நிறுவனமான டிரெனித்தாலியாவின் செயலியில் வாங்கிவிடுங்கள். வாங்க வேண்டியது ‘ரீஜனாலே’ எனப்படும் சாதாரண வட்டார ரயில் டிக்கெட். ஒரு வழிக் கட்டணம் பல ஆண்டுகளாக 4.60 யூரோ என்ற அளவில்தான் இருந்து வருகிறது. இருக்கை எண் கிடையாது, இடம் கிடைத்தால் உட்காரலாம். அதே பிளாட்பாரத்தில் இன்டர்சிட்டி, ஃப்ரெச்சா என்ற வேக ரயில்களும் வரும். ரீஜனாலே டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம். அவற்றின் டிக்கெட் விலையும் பல மடங்கு, மிச்சமாகும் நேரமோ கொஞ்சம்தான்.

அபராதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மூரில் டிக்கெட் எடுத்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். இத்தாலியில் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். செயலியில் வாங்கினால் ஏறுமுன் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். பணம் கொடுத்து வாங்கியிருந்தும் இதைச் செய்யாததால் தண்டம் கட்டியவர்கள் நிறைய.

‘பிர்க்’ என்று ஒரு நாள் டிக்கெட்டும் உண்டு. போக வர ரீஜனாலே ரயில், ரோம் மெட்ரோ, பஸ் எல்லாம் நள்ளிரவு வரை அதில் அடங்கும். பெயரும் தேதியும் எழுதி முத்திரை குத்த வேண்டும். ரோமுக்குள் இரண்டு மூன்று முறை மெட்ரோ ஏறுவதாக இருந்தால் அது வசதி. இல்லையென்றால் ரயில் டிக்கெட் தனி, மெட்ரோவுக்கு 1.50 யூரோ டிக்கெட் தனி என்று போவதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. மெட்ரோ வாயிலில் வங்கி அட்டையைத் தட்டியும் உள்ளே போகலாம்.

அடுத்தது எந்த ஸ்டேஷனில் இறங்குவது. நிறையப் பேர் யோசிக்காமல் கடைசி நிறுத்தமான டெர்மினிவரை போய்விடுகிறார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை. ரயில் ரோமுக்குள் நுழைந்ததும் சான் பியெத்ரோ, அப்புறம் திராஸ்தேவெரே, ஒஸ்தியென்ஸே, அதற்கும் பிறகுதான் டெர்மினி. சான் பியெத்ரோவில் இறங்கினால் புனித பேதுரு சதுக்கம் பத்து, பதினைந்து நிமிட நடை. சிவிதாவெக்கியாவிலிருந்து முக்கால் மணி, ஐம்பது நிமிடத்தில் அங்கே இருப்பீர்கள். திரும்பும்போது கொலோசியத்திலிருந்து மெட்ரோ பி பாதையில் இரண்டே நிறுத்தம், பிராமிதே. அதையொட்டியே ஒஸ்தியென்ஸே ரயில் நிலையம். டெர்மினியில் சிவிதாவெக்கியா ரயில்கள் நிற்கும் பிளாட்பாரங்கள் பெரும்பாலும் கோடியில் இருக்கும். வாசலிலிருந்து அங்கே போய்ச் சேரவே பத்து நிமிடம் பிடிக்கும். டெர்மினியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பது உண்மை. கணவருக்கு முழங்கால் வலி இருந்தால் அதற்காகப் போகலாம், ஆனால் கால் மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள்.

வத்திக்கான் முதலில், கொலோசியம் பிறகு என்ற வரிசை ரயில் பாதைக்காக மட்டும் அல்ல. பேதுரு பேராலயத்துக்கு அனுமதி இலவசம், நேரச்சீட்டு அவசியம் இல்லை. கப்பல் தாமதமாகக் கரை சேர்ந்தாலும் ரயில் தாமதமானாலும் அங்கே நஷ்டம் இல்லை. கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். அதைக் காலையில் வைத்துக்கொண்டு பதறுவதைவிட மதியம் ஒரு மணியை ஒட்டிப் பதிவு செய்வது மேல். அதிகாரபூர்வத் தளத்தில் சுமார் ஒரு மாதம் முன்பு விற்பனை திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். 18 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் பேரனுக்கும் பெயர் கொடுத்து இலவச டிக்கெட் பதிய வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள ஆவணமும் பொருந்த வேண்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முந்தின நாளே வரவேற்பில் கேட்டு வாங்கப் பாருங்கள், தராவிட்டால் விசா பக்கத்தோடு நகலாவது கையில் இருக்கட்டும்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தையும் சிஸ்டைன் சிற்றாலயத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அது மட்டுமே மூன்று மணி நேரம் தின்றுவிடும். அதுதான் முக்கியம் என்றால் கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் நான்கு பேரும் வரிசைகளை மட்டும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

பேராலயத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கும். பத்து மணிக்கு மேல் அது நீளும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதார் பிரச்சினையே இல்லை, பேரனின் அரை டிராயர்தான் பிரச்சினை. உங்கள் நாள் புதன்கிழமையா என்று பாருங்கள். போப் ரோமில் இருந்தால் புதன் காலை சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார், அது முடியும்வரை பேராலயத்துக்குள் போவது சிரமம். அன்று மட்டும் வரிசையை மாற்றி, ஒஸ்தியென்ஸேயில் இறங்கிக் கொலோசியத்தை முதலில் பாருங்கள்.

பேராலயத்திலிருந்து கொலோசியத்துக்கு நடந்தால் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். தேவதூதர் பாலம், நவோனா சதுக்கம், பாந்தியன் எல்லாம் வழியிலேயே வருவதால் ரோமில் இதைவிட நல்ல நடை எனக்குத் தெரியாது. செப்டம்பர் வெயில் ஒத்துவராவிட்டால் வத்திக்கானுக்குப் பக்கத்து மெட்ரோ நிலையமான ஒத்தாவியானோவில் ஏறி, டெர்மினியில் பி பாதைக்கு மாறுங்கள். நான்கு பேர் என்பதால் டாக்சியும் கட்டுப்படியாகும், ஸ்டாண்டில் நிற்கும் வெள்ளை வண்டியில் மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள். 64-ஆம் எண் பஸ்ஸைத் தவிர்க்கலாம், ஜேப்படிக்குப் பேர்போனது. தெருக்குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். சைவம் என்றால் துண்டு பீட்சா எங்கும் கிடைக்கும். சுப்ளி என்ற அரிசி உருண்டையைக் கேட்காமல் வாங்காதீர்கள், உள்ளே பெரும்பாலும் இறைச்சி.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: ரயில் வேலைநிறுத்தம். இத்தாலியில் அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அறிவிப்பில் ‘ஷோப்பெரோ’ என்ற சொல் இருந்தால் அதுதான். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் கட்டாயம் ஓடும். காலை நேரம் உங்களுக்கு உதவும், மாலை நேரம் உதவாது. போய்விட்டுத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். அன்று யோசிக்காமல் கப்பல் சுற்றுலாவை வாங்குங்கள். அவர்கள் அழைத்துப்போன பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போய் நீங்கள் தாமதமானால் காத்திருக்காது. அவர்கள் கேட்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் அதற்குத்தான். வழிகாட்டி இல்லாமல் ரோமில் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிவரும் பஸ்ஸை மட்டும் பல கப்பல்கள் குறைந்த விலையில் விற்கின்றன. பயம் தீராவிட்டால் அதையும் விசாரியுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கப்பல் இடையில் துருக்கிபோல ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) அல்லாத நாட்டைத் தொட்டுவிட்டு வந்தால், பல முறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும்.

கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் ஒன்றுதானா என்று இறங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் அறைக்கு வரும் தாளில் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதை நாலு பேரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகும்போலத் தெரிந்தால் ரயிலிலிருந்தே அவரைக் கூப்பிடுங்கள். கப்பல் போயே போய்விட்டாலும் அடுத்த துறைமுகத்தில் எப்படிச் சேருவது என்று சொல்லக்கூடியவர் அவர்தான், செலவு உங்களுடையது.